நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் அப்பா

பாரிசின் லா ஷப்பலில் நான் சாமான் வாங்கும் தமிழ்க்கடையில் இன்று உப்பிட்ட கொட் மீன் வந்திருந்தது. பெட்டியைத் திறந்ததும் எழுந்த மணம், 1986 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக் குருநகர் முழுவதும் வீசிய கருவாட்டு மணம்.

எங்கள் வீட்டில் மட்டும் அது இல்லை. கடலில் போனவரைப் பற்றிச் சேதி வரும்வரை அம்மா மீன் சமைக்கமாட்டார். மீன்பிடிக்காரரான அப்பா ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குக் கப்பல் ஏறியிருந்தார்.

நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தமிழர்கள் மிதந்ததாக வானொலி சொன்னது. பெயர்களைச் சொல்லவில்லை. பிறகு பாரிசிலிருந்த சித்தப்பாவின் தந்தி வந்தது. பக்கத்து வீட்டு மரியதாஸ் மாமா வாசித்தார்.

“அத்தான் உயிரோட இருக்கிறார், அக்கா!”

அம்மா அசையவில்லை. “ஆர் தம்பி பிடிச்சது? நேவியோ?”

எங்கள் கடலில் நேவி பிடித்தவர்கள் பலர் திரும்பியதில்லை.

“இல்லையக்கா. மீன்பிடிக்கப் போன ஆக்கள்தான் கண்டு ஏத்தினவையாம். ரேடியோவில சொன்னவை.”

“எங்கட தொழில்காரரோ? அப்ப சாப்பாடு குடுத்திருப்பினம்,” என்று சொல்லி அம்மா அடுப்படிக்குள் போனார். அதன்பிறகுதான் அழுகைச் சத்தம் கேட்டது.

சில ஆண்டுகளில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் கொட் அருகிப்போய், அதைப் பிடிப்பதே நிறுத்தப்பட்டது. கடையில் இருந்ததும் நோர்வே மீன்தான்.

கடை வாசலில் நின்றபடி ரொறன்ரோவுக்கு அழைத்தேன். அன்று உண்மையிலேயே சாப்பாடு தந்தார்களா என்று அப்பாவிடம் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, வயிறு நிறையத் தந்தவங்கள்,” என்றார். “உறைப்புத்தான் காணாது.”