மாருல கட்டியிருக்கு

மாரியாயியைக் கொன்றது நான்தான்... கத்தி டாக்டருடையது, சொல் என்னுடையது!

நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். கண்டியில் மிஷன் பள்ளியில் படித்தவன். புசல்லாவைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத்தில், கூலிகளின் பேச்சைத் துரைமாருக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்வது என் வேலை. அவர்கள் வாய் மூடுமுன் சொல்லிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்கு எத்தனை கர்வம்!

பழம் பறிக்கும் காலம். கைக்குழந்தைக்காரி மாரியாயி, கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் காய்ச்சலோடு நடுங்கினாள். ஒரு மார்பு சிவந்து கல்லாயிருந்தது.

"மாருல கட்டியிருக்குங்க அய்யா."

தோட்டத்துக்கு வந்திருந்த வெள்ளைக்கார டாக்டரிடம் சொன்னேன்: மார்பில் சீழ்க்கட்டி.

அவர் பையைத் திறந்தபடி ஏதோ கேட்டார். நான் அவளிடம் திரும்பினேன். "கட்டி வந்து எத்தனை நாளாச்சு?"

பக்கத்து அறைக் காளியம்மா கைதட்டிச் சிரித்தாள். "கட்டியுமில்ல கிட்டியுமில்ல! பாலுதாங்க கட்டிக்கிச்சு. மீச மொளைக்காத மாப்பிள்ளைக்கு மாரு நோவு என்னா தெரியும்?"

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். மாரியாயிகூட...

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் டாக்டர்.

எனக்குப் புரிந்துவிட்டது. 'நான் தவறாகச் சொல்லிவிட்டேன்' - இவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் காது சுட்டது, சிரிப்பு அடங்கவில்லை.

"கத்திக்குப் பயப்படுகிறார்கள்" என்றேன்.

கீறினார். சீழ் வரவில்லை, பாலும் இரத்தமுமாய் வழிந்தது. குழந்தைக்கு அந்தப் பக்கம் கொடுக்கவே கூடாது என்றார். அதை மட்டும் பிழையில்லாமல் மாற்றிச் சொன்னேன்!

புண் அழுகியது. மழையில்தான் அவளைப் புதைக்கத் தூக்கிப்போனார்கள்.

நேற்று அவள் புருஷன் வந்தான். என்னை அடிக்க வந்தான் என்றே நினைத்தேன்... அடித்திருக்கலாம்! அவனோ கும்பிட்டான்.

"நீங்க எடுத்துச் சொல்லித்தானே அய்யா டாக்டரு தொட்டுப் பாத்தாரு. எங்க தலையெழுத்து, போயிட்டா. புள்ளைக்கு இப்ப என் தங்கச்சிதான் பால் குடுக்குது. அதுக்கும் ஒரு பக்கம் செவந்து நெருப்பாக் காயுது. நாளைக்கு நீங்கதான் வந்து பேசணும்."

"வருகிறேன்" என்றேன்.

இம்முறை சரியாகவே சொல்லலாம். ஆனால் டாக்டர் நம்புவாரா? சிவந்த மார்பு என்றால் கத்தி என்று அவர் கை பழகிவிட்டதே! அதைத் தடுக்க, மாரியாயிக்கு நான் செய்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்லியாக வேண்டும்.

சொல்வேனா?

உங்களிடம் சொல்லிவிட்டேன்... உங்களிடம் சொல்வது எத்தனை எளிதாயிருக்கிறது!