லிஸ்பனில் அக்காவுடன் ஐந்து நாட்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் புரோகிராமராக இருந்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் பழைய கொம்பியூட்டர்கள் வருடத்தைப் பிழையாக வாசிக்கும் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். வருடம் இரண்டு இலக்கத்தில் எழுதப்பட்டிருந்த இடங்களைத் தேடித் தேடி நான்கு இலக்கமாக மாற்றுவதுதான் என் வேலை. காலையில் புறநகரான ஸ்காபரோவில் வெளிக்கிட்டால் இருட்டிய பிறகுதான் வீடு. லீவு என்று வாயெடுக்கவே மனேச்சர் விடமாட்டார்.

பாரிஸில் எனக்கு ஒரு அக்கா. இருவரும் ஒரே வருடத்தில்தான் நாட்டைவிட்டு வெளிக்கிட்டோம். அவள் பிரான்சில் இறங்கிக் கலியாணம் செய்துகொண்டாள். நான் கனடாவுக்கு வந்துசேர்ந்தேன். அதன்பிறகு பதினொரு வருடம் தொலைபேசியில்தான் உறவு. அவள் ஒரு ஹோட்டலில் கட்டில் விரிக்கும் வேலை செய்தாள். பிள்ளைகள் இல்லை.

அந்த வருடம் அவளே கேட்டாள்.

“தம்பி, ஒருக்கா வந்திட்டுப் போவன்.”

“வாறன் அக்கா. உங்கட வீட்டிலதானே நிக்கிறது?”

“இஞ்ச வேண்டாம். வேற எங்கையெண்டாலும் சொல்லு, நான் பஸ்ஸில வாறன்.”

வீடு சின்னது, அதுதான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன் ரொறன்ரோவில் பிறந்த போர்த்துக்கீசன். ஐரோப்பியத் தலைநகரங்களில் லிஸ்பன்தான் மலிவு, அங்கே தன் பெரியம்மா ஒரு அறையை வாடகைக்கு விடுகிறார் என்றான். நான் துணிந்து மனேச்சரிடம் போனேன். லீவு வேண்டாம், மூன்று கிழமை அங்கே இருந்தே வேலை செய்து அனுப்புகிறேன் என்றேன். அந்த நாட்களில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவர் யோசித்துவிட்டு ஒரு பாரமான லப்ரொப்பையும் மொடெமையும் தந்தார். சம்பளத்தோடு ஐரோப்பா போகிறேன் என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

அறை ஒரு ஏற்றத்தில், மூன்றாம் மாடியில் இருந்தது. யன்னலுக்குக் கீழே ட்ராம் வளையும்போது கிறீச்சிடும். மத்தியானமானால் தெருவெல்லாம் மீன் சுடுகிற மணம். இரண்டாவது கிழமை அக்கா வந்தாள். ஒரு நாளுக்கு மேல் பஸ்ஸில் இருந்து கால் வீங்கியிருந்தது. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். “தலைமயிர் கொட்டிப்போச்சடா” என்று அழுதாள், பிறகு சிரித்தாள்.

நல்ல வெயில். அவள் முழுக்கைச் சுவெற்றர் போட்டிருந்தாள்.

“பாரிஸ் குளிர் இன்னும் விடேல்லையோ?” என்று பகிடியாகக் கேட்டேன்.

“பழகிப்போச்சு” என்றாள்.

என் திட்டப்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ரொறன்ரோவில் வேலை தொடங்கும்போது லிஸ்பனில் பின்னேரம் இரண்டு மணி. காலை முழுக்க அக்காவோடு சுற்றலாம். ஆனால் தொலைபேசி இணைப்பு அடிக்கடி அறுந்தது. பாதி போன பைலைத் திரும்ப முதலிலிருந்து அனுப்பவேண்டும். முதல்நாள் மிச்சம் அடுத்தநாள் காலையைத் தின்றது. ஊரைவிட்டு வந்து வேலையைக் கோட்டைவிட்டான் என்று பெயர் வரக்கூடாது என்ற வைராக்கியம் வேறு. அக்கா வீட்டுக்காரப் பெரியம்மாவோடு குசினியில் இருந்தாள். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இரண்டு பேரும் போஞ்சி நறுக்கிக்கொண்டு தங்கள் தங்கள் பாஷையில் கதைப்பது எனக்குக் கேட்கும். அக்கா சந்தோஷமாக இருக்கிறாள் என்று நிம்மதியாகத் திரையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை தேத்தண்ணியோடு வந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள்.

“தம்பி, உன்னோட ஒரு விஷயம் கதைக்கோணும்.”

“இதை மட்டும் அனுப்பிப்போட்டு வாறன் அக்கா. அரை மணித்தியாலம்.”

“ஓம், ஓம். நீ பார்.”

நான் எழும்பியபோது மூன்று மணித்தியாலம் போய்விட்டது. அக்கா வீட்டில் இல்லை. பின்னேரம் வந்தாள். தனியாக ஆற்றங்கரைக்கு இறங்கிப் போய்ப் படகில் அக்கரைக்குப் போனாளாம். அங்கே இறங்காமல் அதே படகில் திரும்பினாளாம். அப்படியே நான்கு தரம். “நல்ல காத்து” என்றாள்.

ஐந்தாம் நாள் பஸ் நிலையத்தில்தான் எனக்கு நினைவு வந்தது.

“என்னவோ கதைக்கோணும் எண்டனீங்கள்?”

“அது பெரிசா ஒண்டுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.” சாரதி கதவைச் சாத்தினார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பி ஒரு மாதமிருக்கும். மத்தியானச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரன் தயங்கித் தயங்கிக் கேட்டான். “பெரியம்மா ஒவ்வொரு தரமும் விசாரிக்கிறார். உன் அக்கா இப்போது பத்திரமாக இருக்கிறாளா?”

எனக்கு விளங்கவில்லை. அவன் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தான். சட்டி கழுவும்போது அக்கா சுவெற்றர் கையை மடித்தாளாம். முழங்கை வரைக்கும் நீலம் பாரித்த கண்டல் காயம். பெரியம்மா தொட்டுக் கேட்டபோது, கலியாண மோதிரத்தைக் காட்டிவிட்டு அழுதாளாம். உனக்குத் தெரியும் என்றல்லவா நினைத்தோம் என்றான்.

நான் கட்டடத்துக்குக் கீழே இருந்த பொதுத் தொலைபேசிக்கு ஓடினேன். அத்தான்தான் எடுத்தார்.

“உம்மட அக்கா அங்கையோ வந்து நிக்கிறா? மறைக்காமல் சொல்லும்” என்றார். அவள் வீட்டைவிட்டுப் போய் நாலு நாள்.

தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டேன். ஒரு துப்பும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே தொலைபேசி எடுத்தாள். பிரான்சின் தெற்கில் ஒரு சின்ன நகரம். வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை. அங்கேயே ஒரு அறையும் கொடுத்திருந்தார்கள்.

“லிஸ்பனில இதைச் சொல்லத்தான் வந்தனீங்களோ?”

“ஓம். உன்னோட வந்து இருக்கலாமோ, கனடாவுக்கு வர ஏதும் வழி இருக்கோ எண்டு கேக்க வந்தனான்.”

“இப்பவும் செய்யலாம் அக்கா. நாளைக்கே ஒரு லோயரைப் பார்க்கிறன்.”

“இப்ப வேண்டாம். இனி இன்னொருக்கா முதலிலயிருந்து தொடங்க எனக்கு ஏலாது.” கோபம் இல்லாமல்தான் சொன்னாள்.

அடுத்த கோடையில் அவளிடம் போனேன். இந்தமுறை லீவு எடுத்துக்கொண்டு, லப்ரொப் இல்லாத வெறுங்கையோடு. சந்தைக்குக் கூட்டிப்போனாள், தான் பார்க்கும் கிழவர்களின் குழப்படிகளைச் சொல்லிச் சிரித்தாள். அத்தானைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி நாள் நான் பொறுக்கமாட்டாமல், “அண்டைக்கு நான் எழும்பி வந்திருக்கவேணும் அக்கா” என்றேன்.

“உனக்கு அப்ப வேலையடா” என்றாள், என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோற்றைப் போட்டுக்கொண்டு.

திட்டியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். நான் குனிந்து சாப்பிட்டேன்.