தொட்டியோடு ஒட்டிய பாலன்

கிறிஸ்மஸ் குடிலுக்குச் சொரூபங்களை இனிப் பீங்கானில்தான் வாங்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். பழைய மண் சொரூபங்கள் ஐப்பசி மழையில் பரணிலேயே ஊறிப்போயிருந்தன. பெட்டியைப் பிரித்தபோது சூசையப்பரின் முகத்தில் வண்ணம் செதில் செதிலாக உரிந்து வந்தது. மாதாவின் ஒரு கை தனியாகக் கிடந்தது.

“இந்த உப்புக்காத்துக்கு இனி மண்ணு தாங்காது. ராம்நாடு போயி நல்ல செட்டாப் பாத்து வாங்கிட்டு வா. நீ படிச்ச பிள்ள, ஒனக்குத் தெரியும்.”

சரி அத்தை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கொழுந்தன் கடலுக்குப் போய் அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. வாடைக்காற்றில் வள்ளம் கவிழ்ந்ததும், கூடப் போன இரண்டு பேரைப் பக்கத்து ஊர்ப் படகு தூக்கிக் கொண்டுவந்ததும் அன்று மாலையே தெரிந்துவிட்டது. அவனை மட்டும் காணவில்லை. ஒன்பது நாள் தேடினார்கள். பிறகு பாம்பனில் ஒவ்வொருவராகத் தங்கள் தொழிலுக்குத் திரும்பினார்கள்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் குடில் கட்ட மாட்டார்கள், நட்சத்திரம் தொங்கவிட மாட்டார்கள். எங்கள் வீட்டில் சாவு விழுந்ததா இல்லையா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. இறந்தவர் பேருக்கு வைக்கும் பூசைக்கு அத்தை கொடுக்கவில்லை. துட்டி கேட்க வந்த ஒன்றிரண்டு பேரை வாசலிலேயே, “அவன் எங்கயாச்சும் கரையேறியிருப்பான், போயிட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். இப்போது குடில் கட்டுவதென்றால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஊருக்கே சொல்வது. கட்டாவிட்டால் இல்லை என்று சொல்வது. என் கணவரிடம் கேட்டேன். “அம்மா ஒன்னையத்தான சொல்லிருக்கு, நீயே பாத்துக்க” என்று வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வள்ளம் கவிழ்ந்த அன்று அதில் போக வேண்டியவர் அவர்தான். மகளுக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். நூறு டிகிரிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நான்கு தடவை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்தது நினைவிலேயே இருந்தது. இன்றைக்குப் போகாதீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொழுந்தன் வாசலில் நின்று சிரித்தான். “மதினி, ஒங்க புருசன முந்தானையிலயே முடிஞ்சு வச்சுக்கங்க. அவருக்குப் பதிலா நான் போறேன்.” மதியத்துக்குள் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இட்லி கேட்டாள்.

அத்தை இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

இராமநாதபுரத்தில் அந்தப் பீங்கான் கடையில் வருடம் முழுக்க ஊறுகாய் ஜாடியும் டீ கப்பும்தான் இருக்கும். மார்கழி நெருங்கினால் முன் மேசையில் குடில் செட்டுகளை அடுக்கிவிடுவார் கடைக்கார பாய். நான் போனபோது ஒரு பெண் கையில் ஒட்டகத்தை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாய், ஒட்டகம் நாய்க்குட்டி மாதிரி இருக்கு?”

“அது குட்டி ஒட்டகம்மா. தண்ணி ஊத்தி வைங்க, கிறிஸ்மஸுக்குள்ள வளந்துரும்.”

அவள் சிரித்துக்கொண்டே வெறுங்கையோடு போனாள். பாய் என் பக்கம் திரும்பினார். “வா தங்கச்சி. ரெண்டு செட்டுதான் பாக்கி. நல்லதெல்லாம் பரமக்குடிக்காரங்க அள்ளிட்டுப் போயிட்டாங்க.”

முதல் செட் வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் மெல்லிய தங்கக் கோடு. மாதாவின் முகம் அமைதியாக இருந்தது. பாலன் இயேசு விரல் நீளத்தில் தனியாக, தாளில் சுற்றி இருந்தான். அவனைக் கிடத்தும் தீவனத் தொட்டி காலி. இரண்டாவது செட்டில் வண்ணம் தடிப்பாக இருந்தது, ஒரு ராஜாவுக்குக் கண் சற்று ஒன்றரை. அதில் பாலனைத் தொட்டியோடு சேர்த்தே சுட்டிருந்தார்கள்.

“இத ஒங்க ஆளுக வாங்க மாட்டாங்க” என்று பாயே சொன்னார். “போன வருசம் ஒரு அம்மா, இருவத்தி நாலாந்தேதிக்கு முன்னாடியே பிள்ள பெறந்துருச்சா பாய்னு கேட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க.”

உண்மைதான். இருபத்தி நான்காம் தேதி இரவுப் பூசை முடியும்வரை தொட்டி காலியாக இருக்க வேண்டும். கோவிலில் இருந்து வந்த பிறகு வீட்டின் இளைய ஆண்பிள்ளை பாலனைக் கிடத்துவான். நான் கல்யாணமாகி வந்த பிறகு ஐந்து கிறிஸ்மஸிலும் கொழுந்தன்தான் கிடத்தினான். புதுச்சட்டையில் மடிப்புக் கலையாமல் நின்று, “ஆம்பளப் பிள்ள, தாயும் பிள்ளையும் சுகம்” என்று டாக்டர் மாதிரிச் சொல்வான். அத்தை முதுகில் ஓர் அடி போடுவார்.

வெள்ளைச் செட்டின் காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிறிஸ்மஸ் இரவில் கையில் பாலனை வைத்துக்கொண்டு அத்தை வாசலைப் பார்ப்பார். அதை என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. ஒட்டியதையே கட்டச் சொன்னேன்.

“யோசிச்சுக்க தங்கச்சி” என்றார் பாய்.

“வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு பாய். தனியா இருந்தா வாயில போட்டுரும்.”

பேருந்தில் அந்தக் காரணத்தை எனக்கே பல தடவை சொல்லிக்கொண்டேன். பொய்யும் இல்லை, மகள் எதையும் வாயில் வைப்பவள்தான். மண்டபம் நிறுத்தத்தில் வண்டி நின்றபோது இறங்கித் திரும்பிப் போய் மாற்றிவிடலாமா என்று எழுந்தேன். பின்னால் இருந்தவர், “இறங்குறதுன்னா இறங்குங்க, இல்லாட்டி ஒக்காருங்க” என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையால் துடைத்துத் தரையில் வைத்தார். முகத்தில் ஏழு வாரமாக இல்லாத ஒரு சுறுசுறுப்பு. ஒன்றரைக் கண் ராஜாவைப் பார்த்து, “இவரு எந்த நட்சத்திரத்தப் பாத்து வந்தாரோ” என்றுகூடச் சொன்னார். கடைசியில் தொட்டியை எடுத்தார். பாலனை எடுக்கப் பார்த்தார். நகத்தால் ஓரத்தை நெம்பினார். மறுபடியும் நெம்பினார்.

“இது தனியா வராதா?”

“வராது அத்தை. சின்னவ வாயில போட்டுருவான்னுதான்…”

“தனியா வாரது கடையில இல்லையா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. “இருந்துச்சு” என்றேன்.

அவர் தொட்டியைக் கீழே வைத்தார். “அப்ப அவன் வந்து வைக்க மாட்டான்னு நீயும் முடிவு பண்ணிட்ட.”

“அய்யோ, அப்படி இல்ல அத்தை. நாளைக்கே போயி மாத்திட்டு வாரேன்.”

“வேணாம்.” குரல் உயரவே இல்லை. “ஊரே சொன்னப்ப, நீ ஒருத்தி என் பக்கம் இருக்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

கணவர் உள்ளே வந்ததும் அத்தை, “ஏய்யா, சாமியார்ட்டப் போயி ஒந்தம்பி பேருக்குப் பூசை சொல்லிட்டு வா” என்றார். கணவர் என்னைப் பார்த்தார், தரையில் இருந்த பொம்மைகளைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஏழு வாரம் அழுகையை அடக்கிக்கொண்டிருந்த பெண்கள் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அத்தை முதலில் வந்தவளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மகன் பேரைச் சொல்லி முதல் தடவையாகக் கத்தினார். நான் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை, பிடிக்கவும் இல்லை.

இருபத்தி நான்காம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. வெள்ளைச் செட்டை வாங்கியிருந்தால், அந்தப் பதினோரு நாளும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்.