கவருக்குக் கீழே ஒரு கம்பி

நிலாவெளி வீதியில் மாடு நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும். திருகோணமலையில் கார் ஓடப் பழகுகிறவருக்கு ஊருக்குள் மான், ஊருக்கு வெளியே மாடு என்பதுதான் முதல் பாடமே. ஆகவே அன்று காலை, பள்ளிக்கூடம் போகிற வழியில், ஒரு வளைவு கழிந்ததும் நடு வீதியில் செவலை மாடொன்று நின்றதைப் பற்றி எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. மாடு தன் பாட்டில் நின்றது. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன், பிறேக்கை அழுத்தி மிதித்தேன். செய்ய வேண்டியதைச் செய்யாதது நான் இருந்த சீற் மட்டும்தான்.

பிறேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும்போது முதுகு சீற்றைப் பின்னால் உந்தும். அன்று என் முதுகு உந்திய உந்தலில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த கணம் எனக்கு முன்னால் வீதியும் இல்லை, மாடும் இல்லை. காரின் கூரைதான் தெரிந்தது. சீற்றின் முதுகுப் பாகம் அடியோடு முறிந்து பின் சீற்றில் போய் விழுந்தது, அதோடு நானும் விழுந்தேன். பெல்ட் போட்டிருந்தேன். போட்டு என்ன? சாய்ந்திருக்க முதுகு இல்லாதபோது பெல்ட் எதைப் பிடிக்கும்? அது இடுப்பிலிருந்து வழுகிக் கழுத்துக்கு ஏறியது. கை ஸ்டியரிங்கை விட்டது, கால் பிறேக்கை விட்டது. கார் ஆளில்லாமல் ஓடியது.

இடப்பக்கம் ஓடி மணலில் புதைந்து நின்றது. வலப்பக்கம் ஓடியிருந்தால்? எதிரே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிக்கூட வான் வந்துகொண்டிருந்தது.

மல்லாந்து கிடந்தபடியே வெளியில் ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டேன். முதலில் கேட்ட கேள்வி, “ஆர் ஓடினது? பொம்பிளையோ?” இரண்டாவது கேள்வி, “மாட்டில படேல்லத்தானே?” என் உயிரைப் பற்றி மூன்றாவதாகவாவது யாராவது கேட்பார்கள் என்று பார்த்தால், ஒரு பெடியன் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “அன்ரி படுத்துக்கொண்டெல்லோ ஓடியிருக்கிறா!” என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது, எழும்பி இருந்து, “தம்பி, உனக்குச் சீற் முறிஞ்சா நீ நிண்டுகொண்டு ஓடுவியோ?” என்று கேட்டேன். அவன் கதவைத் திறந்துவிட்டான்.

நான் திரியாய்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு உள்துறைமுகத்துக்குப் பக்கத்தில். கார் வாங்குவதற்கு முதல் விடியப்புறம் எழும்பி, பஸ் மாறி, பள்ளிக்கூடத்துக்குப் பிரிகிற சந்தியில் இறங்கி, யாருடைய மோட்டார் சைக்கிளிலாவது தொத்திக்கொண்டு போய்ச் சேருவேன். மழைக்காலத்தில் சேலையின் கீழ்ப்பாதி நனைந்தபடியேதான் முதல் பாடம் எடுப்பேன். கார் வந்த பிறகுதான் காலைத் தேத்தண்ணியை இருந்து குடித்தேன். அந்தக் கார் எனக்கு ஆடம்பரம் இல்லை. என் காலை நேரம் என் கைக்கு வந்தது அதனால்தான்.

அதை வாங்கும்போது பார்க்காத பார்வை இல்லை. பழைய சின்ன ஜப்பான் கார். விற்றவர் எங்கள் மாதா கோயிலுக்கு வருகிற, நன்றாகப் பழகிய மனிதர். என் கணவர் பொனற்றைத் திறந்து பார்த்தார், குனிந்து அடியில் ரோர்ச் அடித்துப் பார்த்தார், ரயரைக் காலால் தட்டிப் பார்த்தார். பாதர் வந்து தீர்த்தம் தெளித்துச் செபம் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா சைவம், அவ நாலு ரயருக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசிக்க வைத்தா. பேசி முடித்துத் தந்த கிண்ணியாத் தரகர் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கார்த் திறப்பைக் கையில் தந்தார். இத்தனை தெய்வங்களையும் கூப்பிட்டோம். சீற்றை ஒருதடவை உலுப்பிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பார்த்தவர்கள் எல்லாரும், “சீற் எண்டா புதுசு மாதிரி!” என்றுதான் சொன்னார்கள்.

எப்படித் தோன்றும்? அது எங்கள் ஊர்ப் பழக்கம். வாகனம் வாங்கினால் சீற்றுக்குக் கவர் போடுவோம். அதைக் கழற்ற மாட்டோம். விற்கிற நேரம் வந்தால் பழைய கவர் அழுக்கென்று அதற்கு மேல் புதுக் கவர் போட்டு விற்போம். வாங்குகிறவரும் கவரைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுவார். கார் கை மாற மாறச் சீற் தடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கடைசியாகப் பார்த்தவர் ஜப்பானில் இருப்பார். அரசாங்கமோ வருடம் தவறாமல் புகைக் குழாய்க்குள் கருவியை விட்டுப் பரிசோதிக்கும். கார் விடுகிற மூச்சு சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் இருக்கிற நாட்டில், ஓடுகிற மனிசருக்கு முதுகு நிற்குமா என்று பார்க்க ஒரு நாதி இல்லை!

தகவல் கேட்டு என் கணவர் சீனன்குடாவிலிருந்து, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். என் கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் பின்னேரம் வீட்டில் கோப்பியைக் குடித்துவிட்டு மனிசன் சொன்ன கதை இருக்கிறதே!

“இனி நீர் ஓட வேண்டாம். உமக்கு ஏலாது.”

“எனக்கு ஏலாதோ? சீற்றுக்கெல்லோ ஏலாமப் போனது!”

“நிதானமா மிதிச்சிருந்தா முறிஞ்சிருக்காது.”

“நிதானமா மிதிச்சிருந்தா மாட்டுக்கு மேல ஏறியிருப்பன். அப்பவும் பொம்பிளை ஓடினா இப்பிடித்தான் எண்டுதான் சொல்லியிருப்பியள்.”

அவர் எழுந்து பேப்பரை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போய்விட்டார்.

கண்டி வீதியில் ஒரு கராஜுக்குக் காரை இழுப்பித்துக்கொண்டு போனேன். கராஜ்காரர் முறிந்த சீற்றைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். “மிஸ், குறை நினைக்காதேங்கோ. இது சின்ன வாகனம். நீங்களும் கொஞ்சம் கனம்தானே” என்றார். எனக்கு வாயில் நல்லாக வந்தது. அவருடைய வண்டி வயிறு அவருக்கு முன்னால் ஒரு முழம் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்லாமல், “கவரைக் கழட்டுங்கோ” என்றேன். தேவையில்லை என்றார். “கழட்டாட்டி நான் கழட்டுவன்” என்றேன்.

மேல் கவர் கழன்றது. கீழே இன்னொரு கவர், நீலப் பூப்போட்டது. அதையும் கழற்றினால் காரோடு வந்த உண்மையான துணி, அது கத்தியால் கீறித் திரும்பத் தைக்கப்பட்டிருந்தது. தையலைப் பிரித்து ஸ்பொஞ்சை விலக்கினார். அங்கே கிடந்தது கம்பி. வீடு கட்டக் கொங்கிரீட்டுக்குப் போடுவோமே, அந்தக் கம்பி! முன்னர் எப்போதோ ஓர் அடிபாட்டில் சீற்றின் இரும்புச் சட்டம் இரண்டு பக்கமும் வெடித்திருக்கிறது. அதற்குக் கம்பித் துண்டு வைத்து வெல்டிங்கால் ஒட்டி, போதாததற்குக் கட்டுக்கம்பியால் சுற்றி, மேலே ஸ்பொஞ்சு வைத்துத் தைத்து, கவரைப் போட்டு விற்றிருக்கிறார்கள். கடற்காற்று அதைத் தின்று முடித்திருந்தது. துருவைத் தொட்டால் பொலபொலவென்று கொட்டியது. இதன்மேல்தான் நான் இத்தனை காலமும் சாய்ந்துகொண்டு, சுகமாக, வானொலி கேட்டுக்கொண்டு போயிருக்கிறேன். அட கோதாரியே!

கராஜ்காரருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் அடிச்சிருக்கிறான். இவ்வளவு காலம் நிண்டதே பெரிசு” என்று மெச்சினார். வேறு நல்ல சீற் எடுக்க ஏலாதா என்று கேட்டேன். இந்த மொடலுக்கு இப்போது சாமான் வருவதில்லை, பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் அதுவும் இப்படித்தான் இருக்கும் என்றார். “திரும்ப ஒரு வெல்டிங், மேல நல்ல கவர். ஒருத்தருக்கும் தெரியாது மிஸ்.”

ஒருவருக்கும் தெரியாதாம். திரும்ப முறியுமா முறியாதா என்பதற்கு இதுவா பதில்? நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். ஆனால் கராஜ்காரரும் என் கணவரும் தொலைபேசியில் கதைத்து முடித்துவிட்டார்கள். கிழமை முடிவில் கார் வாசலில் வந்து நின்றது. உள்ளே கடும் சிவப்பில் புத்தம்புதுக் கவர், கலியாணப் பொம்பிளை மாதிரி.

“விப்பம்” என்றார் என் கணவர். “உமக்கும் கரைச்சல் இல்லை.”

“வாங்கிறவைக்குச் சொல்லுவியளோ?”

“எங்களுக்கு வித்தவர் சொன்னவரோ?”

விற்றவர் கோயிலில் முன் வரிசை வாங்கில் இருக்கிற மனிதர். அவருக்கு விற்றவரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவர் தலையில் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகிறார்கள். யாருடைய காலத்தில் முறிகிறதோ அவர் செத்தார். அவ்வளவுதான் கணக்கு. நான் கத்தினேன்.

சனிக்கிழமை காலை கந்தளாயிலிருந்து ஒரு தம்பதி கார் பார்க்க வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். மனைவி மிட்வைஃப், சின்ன உருவம், முப்பது வயதுக்கு மேல் இருக்காது. குளத்தைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்குப் போய்க் கர்ப்பிணிகளையும் பிள்ளைப் பெற்றவர்களையும் பார்க்கிற வேலை. கார் அவளுக்குத்தான். ஆனால் காரைப் பார்த்தது முழுக்கப் புருஷன்தான். பொனற்றைத் திறந்தான், அடியில் பார்த்தான், ரயரைத் தட்டினான். என் கணவர் அன்றைக்குச் செய்த அதே வேலைகள், அதே வரிசையில். அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

“அக்கா, நான் ஒருக்கா இருந்து பாக்கட்டோ?”

ஏறி இருந்தாள். கால் எட்டவில்லை. சீற்றை முன்னுக்கு இழுத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பிறகு நன்றாகப் பின்னால் சாய்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். “நல்ல சுகமாக் கிடக்கக்கா. எனக்கு இடுப்பில நாரி நோ. மோட்டார் சைக்கிள்ல போய்ப் போய் வந்தது.”

எனக்குத் தாங்க ஏலவில்லை.

“தங்கச்சி, சாயாதேங்கோ!” என்று கத்திவிட்டேன். “அது முறிஞ்ச சீற். ஒட்டி வைச்சிருக்கு. நான் ஓடேக்க முறிஞ்சு பின்னால விழுந்தனான்.”

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுடைய முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது, என்ன செய்வதென்று தெரியாமல். புருஷன் பொனற்றுக்குப் பின்னாலிருந்து தலையை நிமிர்த்தினான். கோபத்தில் பேசப்போகிறான், பேசட்டும், எங்களுக்கு வேண்டியதுதான் என்று நினைத்தேன். அவன் கேட்டது இது:

“ஒட்டினதுதானே? அப்ப கொஞ்சம் குறையுங்கோவன், அண்ணை.”

என் கணவருக்கு உயிர் வந்தது. “அதுக்கென்ன, பாத்துச் செய்வம்” என்றார். பிறகு இரண்டு பேரும் கார்க் கூரையில் ஆளுக்கொரு பக்கம் முழங்கையை ஊன்றிக்கொண்டு பேரம் பேசத் தொடங்கினார்கள். அந்தக் கூரைக்குக் கீழே அவள் இருந்தாள், சாயாமல், நிமிர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அவளைக் குனிந்து பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை.

எனக்கு விசர் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். குசினிக்குள் போனேன், பாண் வெட்டுகிற கத்தியை எடுத்தேன், வந்தேன். என் கணவர், “இஞ்சேரும், இஞ்சேரும்” என்று ஓடி வந்தார். மிட்வைஃபை இறங்கச் சொன்னேன். சிவப்புக் கவரை மேலிருந்து கீழாக ஓர் இழுவை. நீலக் கவர். அதையும் இழுத்தேன். பழைய துணி, ஸ்பொஞ்சு எல்லாவற்றையும் பிய்த்து முற்றத்தில் எறிந்தேன். உள்ளே அதே கம்பி! மாற்றக்கூட இல்லை, அதற்கு மேல் இன்னொரு துண்டை வைத்து ஒட்டிப் பூச்சுப் பூசியிருந்தார்கள்.

“பாருங்கோ தங்கச்சி. கையை வைச்சுப் பாருங்கோ.”

அவள் கையை வைத்துப் பார்த்தாள். பிள்ளை வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற கை அது, அவசரமில்லாமல் ஒட்டு முழுக்கத் தடவியது. பிறகு புருஷனைப் பார்த்துக் கேட்டாள். அவளுடைய குரல் உயரவே இல்லை.

“நீங்க இதில இருந்து ஓடுவீங்களோ?”

“நான் ஏன் ஓட?” என்றான் அவன். “எனக்கு மோட்டார் சைக்கிள் இருக்குத்தானே.”

யோசிக்காமல் சொல்லிவிட்டான். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே கேட்டது போலிருக்கிறது. கழுத்துச் சிவந்து நிலத்தைப் பார்த்தான். என் கணவரும் நிலத்தைப் பார்த்தார். அவள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். போகும்போது என் தொலைபேசி இலக்கத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நான் அந்தச் சீற்றைக் கழற்றுவித்து, கராஜ்காரரின் கட்டரால் என் கண் முன்னே சட்டத்தை நாலு துண்டாக வெட்டுவித்தேன், இனி எவனும் ஒட்டக் கூடாது என்று. பழைய இரும்பு விலைக்காவது போகும், முழுசாகத் தாங்கோ என்று கராஜ்காரர் கேட்டார், மாட்டேன் என்றேன். சாரதி சீற் இல்லாத காரை யார் வாங்குவார்கள்? அது முற்றத்தில் நிற்கிறது. நான் திரும்பவும் விடியப்புறம் எழும்பி பஸ்ஸில் போகிறேன், சேலை நனைகிறது, எரிச்சல் எரிச்சலாக வருகிறது. என் கணவர் கொஞ்ச நாள் முறுகிக்கொண்டு திரிந்துவிட்டு, இப்போது பஸ் தரிப்பிடம் வரைக்கும் கொண்டுபோய் விடுகிறார். நான் நன்றி சொல்வதில்லை.

போன மாதம் மிட்வைஃப் தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, இவர் வேற கார் ஒண்டு பாத்திருக்கிறார். சீற் எல்லாம் புதுசு மாதிரி இருக்காம். ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பாக்கப் போறன். நீங்களும் வாறீங்களோ?”

“வாறன்” என்றேன்.

“வரேக்க அந்தக் கத்தியையும் கொண்டு வாங்கக்கா.”

கொண்டுதான் போனேன்.