படும், படலாம்

பண்டாரவளைச் சந்தையில் கரட் பொறுக்கிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மருதமுத்துவின் தங்கை தங்கம்மாள் பேசினார்.

"மிஸ், அண்ணன் போயிட்டாருங்க. பதுளை ஆஸ்பத்திரியில, இன்னைக்குக் காலையில."

பிறகு அழுகைதான் கேட்டது. கரட்டை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஏறினேன். மருதமுத்துவை அறிந்த நீங்கள் எல்லாரும் அவரை நல்ல பொறியியலாளர் என்பீர்கள். நான் அவரிடம் பட்ட கடனை மட்டும் சொல்கிறேன்.

பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவர். கடற்கரை அனல் மின் நிலையமொன்றில் பல வருடம் வேலை பார்த்து, ஓய்வு பெற்றதும் பதுளைக்கே திரும்பினார். நிலக்கரியைத் திட்டுகிறவரோடும் சண்டை, புகழ்கிறவரோடும் சண்டை. "சாம்பலைப் பிடிக்கிறோம் மிஸ், கந்தகத்தைக் கழுவுறோம். கரியமில வாயுவ மட்டும் வானத்துக்கு விட்டுட்டு, சுத்தமான நிலக்கரின்னு பேரு வச்சுக்கிறோம்" என்பார். அதையும் பிடித்து நிலத்தடியில் அடைக்க முடியும் என்று மனதார நம்பினார். ஆனால் "முடியும்னா செஞ்சாச்சுன்னு அர்த்தமில்ல" என்று கூடவே சொல்லிவிடுவார்.

இதையெல்லாம், அந்த வாயுவால் மழை முறைதவறிக் கொட்டுவதையும், தோட்டத்து ஆட்களுக்கு விளக்க ஒரு கூட்டம் வைத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் என்னைத் தமிழுக்கு இழுத்துப் போனார். நானும் பெருமையாக, கரியமில வாயுவைப் பிடிப்பதை "கரி பிடித்தல்" என்று அறிவித்தேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள்.

"எங்க சட்டியில தெனமும் பிடிக்குதுங்க. அதுக்கு மெஷின் வேறயா?" என்றார் அவருடைய தங்கை தங்கம்மாள்.

மருதமுத்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யாழ்ப்பாணத்துல சட்டியே கழுவ மாட்டீங்களா மிஸ்?" எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பேன், பஸ் இல்லை.

அந்தச் சூட்டோடுதான் தோட்டத்து ஆட்களுக்கான துண்டுப்பிரசுரத்தை எழுதினேன். "புகையிலிருந்து கரியமில வாயு பிரித்துப் பிடிக்கப்படும்." மருதமுத்து சிவப்புப் பேனாவால் "படும்" என்பதை "படலாம்" ஆக்கினார்.

"'படும்'னு போட்டா இப்பவே நடக்குதுன்னு படிப்பாங்க மிஸ்."

"உதுக்கும் பிழை பிடிக்கிறீங்களோ? அச்சுக்குப் போற நேரம், விடுங்கோ."

விட்டார். என் "படும்" அச்சேறியது.

அடுத்த மழையில் லயத்துக்கு மேலே மண்மேட்டில் வெடிப்பு விழுந்தது. மண் சரியும் என்று எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். தங்கம்மாள் மட்டும் அசையவில்லை. பதுளையில் தன் வீட்டுக்கு வரும்படி மருதமுத்து நடையாய் நடந்தார். ஒருநாள் என்னிடம், "தங்கச்சி என்கூடப் பேசுறதில்ல மிஸ்" என்றார். ஏன் என்றேன். "மழைதான்" என்று சொல்லி, பேச்சை மாற்றிவிட்டார். நானும் பாவி, மேலே கேட்கவில்லை.

செத்த வீட்டில் தங்கம்மாள் என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப் போனார். மடித்து மடித்து நைந்துபோன அந்தப் பிரசுரத்தை மடியிலிருந்து எடுத்தார்.

"நீங்க எழுதுனதுதானே மிஸ். பொகையப் பிடிக்கிறாங்க, இனி மழை பழையபடி பெய்யும்னுதான் நான் எறங்கல. அண்ணன் இல்லவே இல்லைன்னு சொன்னாரு. நெசமாப் பிடிக்கிறாங்களா?"

"இல்லை தங்கம்மா. இஞ்ச ஒருத்தரும் பிடிக்கேல்லை. நான்தான் பிழையா எழுதிப்போட்டன்."

அவர் தாளை மறுபடி மடித்தார். "அச்சுல போட்டது பொய்யா இருக்காதுன்னு நெனச்சேனுங்க. என்னைக் கெளப்பத்தான் அண்ணன் பொய் சொல்றாருன்னு, ஒரு வருசம் அவரு மொகத்தையே பாக்கல."

அது என் பிழை என்று அவர் அண்ணன் ஒருதரம்கூடச் சொல்லவில்லையாம். என்னிடமாவது சொல்லியிருந்தால் நானே ஓடிப்போய் திருத்தியிருப்பேன் என்று நினைக்க ஆசையாக இருக்கிறது. என் குணம் எனக்குத் தெரியாதா?

காரியம் முடிந்ததும் இறங்கிவிடுவதாகத் தங்கம்மாள் சொல்லியிருக்கிறார். இதை எழுதும்போது பதுளையில் மழை பிடித்திருக்கிறது. அவர் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார்.

மருதமுத்து திருத்திய தாள் என் மேசை லாச்சியை இழுத்தால் முதலில் கிடக்கிறது. "டும்" வெட்டப்பட்டு, மேலே சிவப்பில் "டலாம்". அவர் என்னிடம் கேட்டது மூன்றே எழுத்து.