பழைய வேகத்தில் ஓடிய கார்

அன்று வீட்டில் நான், அண்ணன், அம்மா மூவரும் இருந்தோம். அப்பா இல்லை; நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அண்ணனின் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே திருப்பதிக்குப் போயிருந்தார். குவைத்தில் லாரி ஓட்டும் வேலைக்கு அண்ணனுக்கு மறுபடியும் விசா வந்திருந்தது. போகிறானா இல்லையா என்று மாலைக்குள் ஏஜெண்டிடம் சொல்லியாக வேண்டும். அவர் அங்கே காத்திருப்பது, முடிவு தெரிந்ததும் நான் போன் செய்வது என்று ஏற்பாடு.

முடிவு அண்ணனின் வலது கையில் இருந்தது. போன முறை சரக்கு இறக்கும்போது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டோடு விமானம் ஏறி வந்தவனை, நைனா வீட்டுக்குக்கூட அழைத்து வராமல் எலும்பு முறிவுக்கு நாட்டுக் கட்டுப் போடுவதில் பேர்போன புத்தூருக்கு நேரே கூட்டிப்போய்க் கட்டை மாற்றினார். எலும்பு நன்றாகவே சேர்ந்தது. விரல்களை அசைத்துக்கொண்டே இரு என்று கட்டுப் போட்டவர் சொன்னதைத்தான் அண்ணன் கேட்கவில்லை. வலிக்குப் பயந்து கையை மடியிலேயே வைத்திருந்ததில் விரல்கள் இறுகிப்போயின.

"ஊர்ல லாரி கேட்டு ஓட்டிப் பாரேண்ணா" என்றேன்.

"கேட்டா ஊரே வந்து நின்னுக்கினு வேடிக்கை பாக்கும். உன் கம்ப்யூட்டர்ல அந்தக் கார் ஆட்டத்தைப் போடு. கை இன்னா கதின்னு அதுல தெரிஞ்சிபூடும்."

புத்தூர் கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு காலத்தில் நாங்கள் இருவரும் ஆடிய ஆட்டம் அது. எப்போதும் அவன்தான் ஜெயிப்பான். பிறகு அவன் குவைத்துக்குப் போனான். அங்கிருந்து வந்த பணத்தில் நான் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். என் டூயல் கோர் கம்ப்யூட்டரும் அவன் பணத்தில் வாங்கியதுதான்.

ஆட்டத்தின் சிடி என்னிடம் இருந்தது. ஆனால் என் கம்ப்யூட்டரில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அது திறக்கவில்லை. அதனால் சென்டரில் இருந்த அதே விண்டோஸ் 98ஐப் புது மெஷினில் ஏற்ற உட்கார்ந்தேன். பாதி வழியில், மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றது. உண்மையில் மெமரி அதிகமாக இருந்ததுதான் கோளாறு. அவ்வளவை அந்தப் பழைய விண்டோஸ் அறியாது. அண்ணனிடம் விளக்கினேன்.

"வயிறு முட்ட துன்னுட்டு பசிக்குதுன்றானா? நம்ம பெரிய மாமா மாதிரி கீறானே" என்றான்.

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரித்துப் பார்த்தேன். மெஷினைத் திறந்து மெமரி கார்டுகளில் ஒன்றைக் கழற்றினேன். ஏறிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "உங்க நைனா அங்க வெயில்ல காய்ஞ்சிக்கினு கீறாரு, நீங்க ரெண்டு பேரும் ஆட்டம் ஆடறீங்களாடா?"

"ஆட்டம் இல்லமா, டெஸ்ட்டு" என்றான் அண்ணன்.

ஆட்டம் திறந்தது. அவன் விரலை வைப்பதற்குள் கார் பறந்துபோய்ச் சுவரில் மோதியது. மறுபடியும் அப்படியே. அவன் முகம் செத்துவிட்டது. பழைய ஆட்டம், மெஷின் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமாக ஓடும், தப்பு உன் கையில் இல்லை என்றேன். நான் ஓட்டியும் காட்டினேன். என் காரும் மோதியது.

"நீ எப்பவுமே இப்பிடித்தான ஓட்டுவ" என்றான்.

வேகத்தைக் குறைக்கும் சின்ன புரோகிராம் ஒன்று இருந்தது. அதைப் போட்டேன். அவன் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"எனக்கு பாவம் பாத்து ரொம்ப கொறைச்சிடாத. ரேஸ் ஆரம்பிக்கறப்ப வர்ற மியூசிக் முடியறப்ப கொடி கீழ வரணும். சென்டர்ல அப்பிடித்தான். அதான் சரியான ஸ்பீடு."

எனக்கு அது நினைவில்லை. அவனுக்கு இருந்தது. இசை வேகம் மாறாமல் ஒலித்தது, கொடிதான் முந்திக்கொண்டு இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கடைசியில் இசையும் கொடியும் ஒன்றாக முடிந்தன. அவன் தலையசைத்தான்.

வலது கை விரல்களை அம்புக்குறி பட்டன்கள் மேல் வைத்து ஓட்டினான். இடப்பக்க வளைவுகளில் ஆள்காட்டி விரல் ஒழுங்காக வேலை செய்தது. வலப்பக்கம் திருப்ப வேண்டிய மோதிர விரல் ஒவ்வொரு முறையும் சற்றுப் பிந்தியே இறங்கியது. கார் உரசிக்கொண்டு போய் நின்றது. அவன் விடவில்லை. நெற்றி வேர்க்க வேர்க்க ஓட்டினான். பிறகு எழுந்து, "நீ ஒக்காரு" என்றான். வேண்டுமென்றே மோதலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பக்கத்தில் நின்று அவன் பார்த்துக்கொண்டிருந்தான். ஒழுங்காகவே ஓட்டி முடித்தேன்.

"சாலுடா, போதும். நைனாக்கு போன் போடு."

"தெனம் ஒரு மணி நேரம் பழகுனா வந்துடும்ணா."

"வர்றப்ப வரட்டும். ஏஜெண்டு இன்னைக்கு கேக்கறான். ரோட்ல ஜனங்க போவுது, நான் போய் டெஸ்ட்டு பண்ண முடியுமா?"

போன் செய்தேன். ஏஜெண்ட் ஆபீஸில் நைனாவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். "அவன் துன்னானா?" என்று கேட்டார்.

சாயங்காலம் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்தார். விசாவுக்காக நாங்கள் கட்டியிருந்தது அறுபதாயிரம். அதில் இருபதைத்தான் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். போனது நாற்பதாயிரம் ரூபாய்.