பல்செட் அக்கா சிரிக்க வைக்கப் பார்த்த கதை

ஊரில் பாதிப் பேர் பல்செட் அக்கா செய்த பல்லால்தான் சிரித்தார்கள். ஆனால் அவளுடைய கவிதைக்கு மட்டும் ஒருவரும் சிரித்ததில்லை.

பல் டாக்டர்களுக்குப் பொய்ப்பல் கட்டிக் கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. உரசுகிற மெஷின் நாள் முழுக்கக் கீச்சிடும், கூட இருப்பவர்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். பிறவியிலேயே காது கேளாத அக்காவுக்கு அந்தத் தொல்லை இல்லை. மெழுகில் பல்லை அடுக்கியபடியே மனசுக்குள் கவிதை கட்டுவாள். தாளில் எழுதும் கவிதை அல்ல, சைகைக் கவிதை. கை, புருவம், தோள், கன்னம் எல்லாம் சேர்ந்து சொல்வது.

எல்லாமே குறும்பு. அதில் பெரிது, காது கேளாதவர் என்று சான்றிதழ் வாங்கப் போன கவிதை. "பேரைக் கூப்பிடுவோம், உக்காருங்க" என்று எழுதிக் காட்டினார்களாம். இவளும் இன்னும் பதினோரு பேரும் உட்கார்ந்தார்களாம். சாயங்காலம் ஜன்னலை மூடும்போது, தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தரும் வரவில்லையே என்று குமாஸ்தாவுக்குக் கோபமாம். அவர் கத்திய நேரத்தில் கால் மரத்துப்போய் எழுந்து நின்ற ஒருவருக்கு மட்டும், "உனக்குத்தான் காது கேக்குதே" என்று மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

இதற்கு ஜனங்கள் அழுதார்கள். எந்த மேடையில் சொன்னாலும் அழுதார்கள். இறங்கி வந்தால் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார்கள். கவிதையில்தான் கோளாறு என்று நினைத்து அக்கா பதினான்கு தடவை திருத்தினாள். குமாஸ்தாவின் தொப்பையைப் பெரிதாக்கினாள், கொட்டாவியை நீட்டினாள். வேடிக்கையைக் கூட்டக் கூட்ட அழுகைதான் கூடியது. பதினோரு வருஷமாக இதே கூத்து. இந்தத் தடவையும் ஒருத்தராவது சிரிக்கவில்லை என்றால் கவிதைக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அவள் சைகைக்குக் குரல் கொடுப்பவன் அண்ணன், இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். வீட்டில் அவள் கைப்பேச்சு முழுசாகத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். நல்லவன். தங்கை என்றால் அவனுக்கு உயிர். மைக் என்றால் உயிருக்கும் கொஞ்சம் மேலே.

மாற்றுத்திறனாளிக் கவிஞர் விழா என்று கூட்டியிருந்தார்கள். மேடையில் "மௌனம் அழுகிறது" என்று பேனர். மேடைக்கு ஏழு படி. சக்கர நாற்காலிக் கவிஞரைக் கீழேயே நிறுத்திவிட்டு, தடைகளைத் தாண்டியவர் என்று மேலேயிருந்து கைகாட்டிப் புகழ்ந்தார்கள். முன்வரிசையில் விழாத் தலைவர் யாரும் ஆரம்பிக்கும் முன்பே கைக்குட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அக்கா சான்றிதழ்க் கவிதையை ஆரம்பித்தாள். வழக்கம்போலச் சபை மூக்கைத் துடைத்தது. குமாஸ்தா ஜன்னலை மூடும் இடம் வந்ததும் கடைசி வரிசையில் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர். அவருக்கும் காது கேட்காது, தன் சிரிப்பு எத்தனை சத்தம் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது? மண்டபமே திரும்பி முறைத்தது. விழாத் தொண்டர்கள் இரண்டு பேர் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தார்கள்.

"ஒரு பொண்ணு மனசு வெந்து சொல்லிட்டிருக்கா. சிரிக்கிறியே, நீயெல்லாம் மனுஷனா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவிதையில் கோளாறு இல்லையா? அப்படியானால் மற்றவர்கள் ஏன் அழுகிறார்கள்? முதன்முறையாகச் சபையை விட்டுவிட்டு அண்ணன் வாயைப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து பார்த்துப் பழகிய வாய், ஒரு சொல்லும் தப்பவில்லை.

"என் பெயர் சொல்லி அழைப்பார் யாருமில்லை, இந்த இருண்ட உலகில்..."

இருண்ட உலகமா? அவளுக்குக் கண் நன்றாகத்தானே தெரிகிறது! ஆத்திரம் ஒரு பக்கம், இத்தனை வருஷம் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொண்ட வேதனை ஒரு பக்கம். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சபைக்குக் கொண்டாட்டம் ஆகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

மைக்கை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தாள். விறுவிறுவென்று படி இறங்கிக் கடைசி வரிசைக்குப் போய், தொண்டர்களின் கையை அச்சகக்காரர் தோளிலிருந்து எடுத்துவிட்டு, அவருக்கு எதிரே நின்று மீதிக் கவிதையை அவருக்கே சொன்னாள். முடிவில் அங்கேயே புதிதாக ஓர் இடம் கட்டிச் சேர்த்தாள். அவர் நாற்காலிக் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். முந்நூறு பேர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் விழித்தார்கள்.

தலைவருக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடி வந்த அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, உங்க தங்கச்சி என்னதான் சொல்றாங்க? எங்களுக்கும் சொல்லுங்களேன்."

அக்கா அண்ணன் பக்கம் திரும்பி, கடைசியாகச் சொன்ன இடத்தை மறுபடியும் நிதானமாகச் சொன்னாள். அவன் முகம் சிவந்துபோயிற்று. கையில் மைக் இல்லை, முன்னால் தங்கை நிற்கிறாள், எங்கே ஒளிவது?

"என்னைத்தான் திட்டுறா சார்" என்றான். "எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சும் எங்கண்ணன் கையால பேசுறதோட தினமும் கத்திக் கத்தியும் பேசுவான். எனக்கு வந்து சேர்ந்ததெல்லாம் எச்சில்தான். காது போனது பக்கத்து வீட்டுக்காரருக்கு. அப்படிங்கிறா."

தலைவர் குபீரென்று சிரித்துவிட்டார். அப்புறம் மண்டபம் முழுக்கச் சிரித்தது. தொண்டர்களும் சிரித்தார்கள்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்து, "என்ன சொன்னே?" என்று கையால் கேட்டாள்.

"நீ சொன்னதைத்தான்."

"அப்போ இத்தனை வருஷமா நான் நல்லாத்தான் சொல்லியிருக்கேன்."

அண்ணன் தலை குனிந்துகொண்டான். குனிந்தால் சைகை எப்படித் தெரியும்? அவள் அவன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.